திருமறையின் மறக்கப்பட்ட பெண்டிரும் புனைகதையும்

தூத்துக்குடிக்கு வடக்கே, வைப்பாறு கடலோடு கலக்குமிடத்தருகே உள்ள ஊர் கீழவைப்பார். முத்துக்குளித்துறையின் பழைய பரதவர் ஊர்களுள் ஒன்று. இக்கரையோர மக்கள் 1530-களில் திருமுழுக்குப் பெற்றனர். 1542-இல் பிரான்சிஸ் சவேரியார் இங்கு வந்தார். தரங்கம்பாடியில் 1706-இல் லுத்தரன் அருட்பணி தொடங்குவதற்கு ஏறத்தாழ 170 ஆண்டுகளுக்கு முன்பே நற்செய்தியைக் கேட்ட கடற்கரை இது. இத்தகைய ஊரில் நின்று மாற்கு 1:16-20 பகுதியை வாசிப்போர்க்கு, நம் அருளுரைகள் கேளாத வினா ஒன்று எழாமற்போகாது. நால்வர் வலைகளை விட்டுச் சென்றனர். அவர்தம் வீடுகளில் அன்று மாலை அடுப்பு எரிந்ததா?

இவ்வினா வெறுங்கற்பனையன்று. பத்து வசனங்கள் கடந்ததும் நற்செய்தியாளரே நம்மைச் சீமோனின் வீட்டுக்குள் அழைத்துச் செல்கிறார். அங்கே அவர்தம் மாமியார் காய்ச்சலாய்க் கிடக்கிறார். மாமியார் உண்டெனின் மனைவியும் உண்டு. ஆயினும் அவ்வம்மையாரின் பெயரையோ சொல்லையோ நான்கு நற்செய்தி நூல்களிலும் காண்கிலோம். பேதுரு மனைவியோடு பயணம் செய்தார் என்பதைப் பவுலடியார் போகிறபோக்கில் குறிப்பிடுவதாலேயே (1 கொரிந்தியர் 9:5) அவர் பின்னரும் வாழ்ந்தார் என அறிகிறோம்.

இத்தகைய மௌனங்களைப் புனைகதையால் நிரப்பும் முயற்சி அண்மைக்காலத்தில் பெருகியுள்ளது. ஆகார், தீனாள், யெப்தாவின் மகள், வஸ்தி, பிலாத்துவின் மனைவி ஆகியோர் தம் கதையைத் தாமே சொல்வதாக நாவல்களும் சிறுகதைகளும் எழுகின்றன. இறையியல் மாணவரும் மகளிர் ஞாயிறு ஆராதனைகளுக்கென இவ்வகை நாடகங்களை எழுதுகின்றனர். இவற்றை எவ்வாறு மதிப்பிடுவது என்பதே இக்கட்டுரையின் பொருள்.

திருமறையோடு ஒன்றைக் கூட்டலாகாது என்பது முதல் மறுப்பு. இதனை எளிதில் தள்ளிவிடுவதற்கில்லை. எனினும் தமிழ்க் கிறிஸ்தவ இலக்கிய வரலாறு இதற்கு மாறான சான்றொன்றைத் தருகிறது. நற்செய்தி நூல்களில் யோசேப்பு ஒரு சொல்லும் பேசுவதில்லை. அவரைக் காப்பியத் தலைவராக்கி, 3 காண்டங்களும் 36 படலங்களும் 3615 பாடல்களும் கொண்ட தேம்பாவணியை வீரமாமுனிவர் 1726-இல் இயற்றினார். திருமறை பேசாதவற்றையெல்லாம் அக்காப்பியம் விரித்துரைக்கிறது. அதனைத் தமிழுலகம் ஏற்றது. நம் பிரிவைச் சார்ந்த புலவரும் போற்றினர். பேசாத ஆடவர் ஒருவருக்கு இத்தனை பாடல்கள் தகுமெனின், பேசாத பெண்ணொருத்திக்கு ஒரு சிறுகதை தகாது என்பது எவ்வாறு நியாயமாகும்?

இன்னுமொன்று நினைக்கத்தக்கது. தேம்பாவணிக்கு அடிப்படையாக அமைந்த நூல்களுள் முதன்மையானது, ஸ்பெயின் நாட்டுத் துறவியான ஆக்ரேதா மரியாள் எழுதி, அவர் மறைவுக்குப்பின் 1670-இல் அச்சேறிய 'கடவுளின் நகரம்' என்பதாகும். மரியன்னையின் வாழ்வை ஒரு பெண் தம் தியானத்தில் கண்டவாறு விரித்துரைத்த நூல் அது. அதன் இறையியலை நாம் ஏற்பது வேறு செய்தி. தமிழின் தலைசிறந்த கிறிஸ்தவக் காப்பியத்தின் பின்னே ஒரு பெண்ணின் கற்பனை நின்றது என்பதையும், அவர் பெயரை நம் மாணவருள் பலர் அறியார் என்பதையும் மட்டும் ஈண்டு குறிக்கிறோம்.

மேலும், கற்பனையைத் திருச்சபை எந்நாளும் விலக்கியதில்லை. மகதலேனா மரியாள் விலைமகளாய் இருந்தார் என்று எந்த நற்செய்தியாளரும் கூறவில்லை. லூக்கா 7-ஆம் அதிகாரத்துப் பாவியான பெண்ணையும், பெத்தானியா மரியாளையும், மகதலேனாளையும் ஒருவராக்கிப் பேசியது 591-இல் போப்பு கிரகோரியார் ஆற்றிய அருளுரை. மேற்கத்தியத் திருச்சபை நெடுங்காலம் அதனையே பின்பற்றியது. மலையாளக் கவிஞர் வள்ளத்தோள் 1921-இல் பாடிய 'மக்தலன மறியம்' இப்பழங்கருத்தின் வழியே எழுந்தது. உயிர்த்தெழுந்த ஆண்டவரை முதற்கண்டு அறிவித்தவர் என்னும் பெருமையினும், திருமறை சொல்லாத ஒரு பழியே அவரைப் பற்றி மிகுதியாய்ப் பேசப்பட்டது. கற்பனை பெண்டிர்க்கு எப்போதும் நன்மையே செய்யும் என எண்ணுவோர் இதனை நினைவிற்கொள்க.

ஆதலின் கற்பனை கூடுமா என்பதைவிட, எத்தகைய கற்பனை என்பதே தக்க வினா. அனிதா டயமண்ட் 1997-இல் வெளியிட்ட 'சிவப்புக் கூடாரம்' என்னும் ஆங்கில நாவலை எடுத்துக்கொள்வோம். ஆதியாகமம் 34-ஆம் அதிகாரத்தில் தீனாளுக்கு நேர்ந்த கொடுமை கூறப்படுகிறது. தந்தை பேசுகிறார்; சகோதரர் பேசுகின்றனர்; சீகேமும் அவன் தந்தையும் பேசுகின்றனர். தீனாள் மட்டும் பேசவில்லை. நாவலிலோ தீனாளே கதைசொல்லி. மகப்பேறு, மருத்துவம், நூல்நூற்றல், உணவு சமைத்தல் என முற்பிதாக்களின் வரலாற்றில் இடம்பெறாத பெண்டிர் உழைப்பெல்லாம் அதில் உயிர்பெறுகின்றன. இது அந்நூலின் மெய்யான சிறப்பு.

ஆனால் நாவலாசிரியர் சீகேமின் செயலைக் காதலாக மாற்றிவிடுகிறார். அவ்வதிகாரத்து எபிரேய வினைச்சொல்லின் பொருள் குறித்து அறிஞரிடையே கருத்து வேறுபாடு உண்டு என்பதை அறிவோம். எனினும் வாசிப்பவர் நெஞ்சில் நேரும் விளைவு யாது? தீனாளுக்குக் குரல் கிடைக்கிறது. அவளுக்கு இழைக்கப்பட்ட அநீதியோ மறைந்துபோகிறது. தன் ஊரில் அவ்வாறே வன்முறைக்குள்ளாகி வாய்திறவாதிருக்கும் பெண் இந்நாவலில் தன்னைக் காணமாட்டாள். இதற்கு மாறாக, பிலிஸ் டிரிபிள் 1984-இல் எழுதிய திறனாய்வு நூல் ஆகார், தாமார், லேவியனின் மறுமனையாட்டி, யெப்தாவின் மகள் ஆகிய நால்வரின் கதைகளையும் புதிதாக எதனையும் கூட்டாமல், சொல்லுக்குச் சொல் நின்று வாசித்தது. துயரத்தைத் துயரமாகவே விட்டுவைத்த அந்நூல், பல புனைகதைகளைவிட நம்மை அசைக்கிறது.

நம் மொழியில் இதற்கு முன்மாதிரி இல்லாமல் இல்லை. அது திருமறையைச் சார்ந்ததன்று; இராமாயணத்தைச் சார்ந்தது. புதுமைப்பித்தன் 1943-இல் எழுதிய 'சாப விமோசனம்' அகலிகையின் பழங்கதையை மறுக்கவில்லை. அக்கதை முடியுமிடத்தில் தொடங்கி, மீண்டும் பெண்ணானவள் எவ்வாறு வாழ்வாள் என்று கேட்கிறது. சீதையைத் தீக்குளிக்கச் சொன்னவன் இராமனே என அறிந்தபோது அகலிகை மறுபடியும் கல்லாகிறாள். மூலத்தின் செய்தியை மாற்றாமலே மூலத்தை நோக்கி வினா எழுப்பும் இம்முறை நம் எழுத்தாளர் கற்கத்தக்கது.

வண்ணநிலவனின் 'எஸ்தர்' என்னும் சிறுகதை வேறொரு வழியைக் காட்டுகிறது. அதில் வேதாகமத்து அரசி வருவதில்லை. அவள் பெயரைத் தாங்கிய ஏழைக் குடும்பத்துப் பெண் வருகிறாள். பஞ்சத்தால் ஊரைவிட்டுப் போகவேண்டிய நிலையில், நடக்க இயலாத பாட்டியை என்செய்வது என்னும் கேள்வி அவள்மேல் விழுகிறது. ஒரு கூட்டத்தின் உயிருக்காகப் பெண்ணொருத்தி தனியே துணியவேண்டிய நேரத்தின் கொடுமையை அக்கதை வாசித்தபின், எஸ்தர் நூலை முன்போல் வெற்றிக்கதையாக வாசிக்க நம்மால் இயலவில்லை. மணப்பாட்டுக் கடற்புரத்தைக் களமாகக் கொண்ட அவர்தம் 'கடல்புரத்தில்' (1977) நாவலின் பிலோமியும் அத்தகையவளே. விசைப்படகுகளின் வரவால் வல்லங்கள் நலிந்த காலத்தில், ஒரு மீனவன் மகளின் கண்வழியே அவ்வாழ்வைக் காண்கிறோம். பேதுருவின் மனைவியைப் பற்றி எழுத விழையும் மாணவர் முதலில் பிலோமியை வாசித்தல் நலம்.

இனி கீழவைப்பாருக்குத் திரும்புவோம். இக்கடலில் முத்துக்குளிப்பு 1961-க்குப்பின் நடைபெறவில்லை, சங்குகுளித்தல் தொடர்கிறது. குளிப்பவனின் கயிற்றை மைத்துனனே பிடிப்பான் எனக் கரையோரத்தார் சொல்வதுண்டு. தன் சகோதரியின் வாழ்வு அக்கயிற்றில் தொங்குவதை அவன் மறவான் என்பது கருத்து. கடலுக்குள் போகாத அப்பெண்ணும் படகில் இருக்கிறாள். நாமோ வலையை விட்டவர்களையே பன்முறை பிரசங்கித்தோம். கயிற்றின் மறுமுனையை நினைத்திலோம். இக்குறையை நாம் ஒப்புக்கொள்கிறோம்.

திருமறை அதனை மறக்கவில்லை. செபதேயு கூலியாட்களோடு படகில் விடப்பட்டார் என்று மாற்கு எழுதுகிறார். செபதேயுவின் குமாரருடைய தாயை, மக்களுக்குப் பதவி கேட்டவர் என்றே பிரசங்கங்களில் குறைகூறுகிறோம் (மத்தேயு 20:20). ஆனால் கலிலேயாவிலிருந்து ஆண்டவரைப் பின்பற்றி வந்து, சிலுவையைத் தொலைவில் நின்று நோக்கிய பெண்களுள் அவரும் ஒருவர் (மத்தேயு 27:55-56). அவ்வேளையில் சீடர்கள் ஓடிப்போயிருந்தனர். மக்களோடு தாமும் வீட்டைத் துறந்த அத்தாயின் கதையை எழுதுவதற்கு மூலத்தில் ஒன்றையும் மாற்ற வேண்டுவதில்லை. இருப்பதைக் கண்டாலே போதும்.

ஆகவே இத்தகைய புனைவுகளை மூன்று வினாக்களால் அளக்கலாம் எனக் கருதுகிறோம். மூலத்தின் சொல்லையும் மௌனத்தையும் எழுத்தாளர் கவனமாய் வாசித்தாரா? பெண்ணுக்கு நேர்ந்த அநீதியை அநீதியாகவே நிற்கவிட்டாரா? அப்பெண்ணின் வாயில் நம் காலத்து முழக்கங்களை வைக்காமல், அவளைப்போல் உழைப்போரின் வாழ்வை அறிந்து எழுதினாரா? மூன்றாவது வினாவிற்கே நம் மாணவர் நாடகங்கள் பெரிதும் விடைதருவதில்லை. அவர்தம் ஆகார் மாநாட்டு மேடையில் பேசுவதுபோல் பேசுகிறாள்; தண்ணீர் தீர்ந்த துருத்தியைப் பற்றி அவள் பேசுவதில்லை.

நறுமணத் தைலம் பூசிய பெண்ணின் செயல், நற்செய்தி அறிவிக்கப்படும் இடமெல்லாம் அவளை நினைக்கும்படி சொல்லப்படும் என்று ஆண்டவர் வாக்களித்தார் (மாற்கு 14:9). அவள் பெயரை மாற்கு எழுதவில்லை. பெயரறியாதவளை எவ்வாறு நினைவுகூர்வது என்பது திருச்சபைக்கு இடப்பட்ட பணி. நல்ல புனைகதை அப்பணியில் துணைசெய்யும். ஆனால் கடலோரச் சபைகளில் பணியாற்றும் ஆயர்கள், எழுதுவதற்குமுன் ஒரு முறையேனும் மாற்கு முதலாம் அதிகாரத்தைக் கடலில் கணவனையோ மகனையோ இழந்த பெண்களோடு அமர்ந்து வாசித்து, அவர்கள் சொல்வதைக் கேட்பாராக.