பட்டறை அறிவும் அதன் பகிர்வும்: பழைய வாகனங்களைப் பேணும் மரபு பற்றியதொரு நோக்கு

ஒரு சமுதாயத்தின் அறிவுச்செல்வத்தை மதிப்பிட முற்படுவோர் பெரும்பாலும் அதன் நூல்களையே நோக்குவர். நூலேறாத அறிவு அவர்தம் கண்ணிற் படுவதில்லை. கொழும்பின் பஞ்சிகாவத்தையிலும் அதனை அடுத்துள்ள தெமட்டகொடையிலும் அத்தகைய அறிவொன்று நாள்தோறும் கைமாறிக்கொண்டிருக்கின்றது. நாற்பது ஐம்பது ஆண்டுகள் பழைமையான காரொன்றின் சொந்தக்காரர் உதிரிப்பாகக் கடை வாசலில் நின்று தம் வண்டியின் நோயை வருணிக்கிறார்; கடைக்காரர் ஒரு காரணம் கூறுகிறார்; அருகில் நிற்கும் மற்றொரு வாடிக்கையாளர் தமக்கு நேர்ந்ததைச் சொல்கிறார்; கிறீஸ் படிந்த கையோடு வரும் 'பாஸ்' இருவரையும் மறுத்து மூன்றாவதொன்றைக் கூறுகிறார். ஒல்லாந்தர் விட்டுச்சென்ற சொல்லாகிய 'பாஸ்' என்பது இலங்கையில் தச்சர் முதல் மோட்டார் திருத்துநர் வரை கைவினை வல்லோரைச் சுட்டும் மரியாதைப் பெயராகும். சிங்களமும் தமிழும் ஆங்கிலமும் கலந்த இவ்வுரையாடலிலேயே பழைய வாகனங்களைப் பேணும் கலை வாழ்கின்றது. இவ்வறிவு பகிரப்படும் முறை யாது, அதன் குறைபாடுகள் யாவை, தமிழ் உரைநடை இதனை எவ்வாறு கையாண்டுள்ளது என்பன ஈண்டு ஆராயப்படுகின்றன.

மேலைநாடுகளிற் பழைய வாகனத்தைப் பேணுதல் ஓய்வுநேரப் பொழுதுபோக்காக அமைவதுண்டு. இலங்கையில் அது பெரும்பாலும் தேவையின் விளைவாகும். 1970க்கும் 1977க்கும் இடைப்பட்ட காலத்தின் இறக்குமதிக் கட்டுப்பாடுகள், 1990இல் வடபகுதி மீது விதிக்கப்பட்ட பொருளாதாரத் தடை, 2020இல் நிறுத்தப்பட்டு 2025இலேயே மீண்டும் அனுமதிக்கப்பட்ட தனியார் வாகன இறக்குமதி ஆகிய ஒவ்வொன்றும், இருக்கும் வண்டியை ஓடவைப்பதைத் தவிர வேறு வழியில்லாத நிலையைத் தோற்றுவித்தன. 1948இல் இங்கிலாந்தில் வெளிவந்து 1970களின் தொடக்கத்தில் உற்பத்தி நிறுத்தப்பட்ட மொறிஸ் மைனர் கார், பிறந்த நாட்டில் அரும்பொருளான பின்னரும் இந்நாட்டு வீதிகளில் உழைத்துக்கொண்டிருந்தது. 1990களில் அக்காருக்கான பாகங்கள் தென்னிலங்கையிலே செய்யப்பட்டு இங்கிலாந்துக்கு ஏற்றுமதியாயின. வாங்கும் நாடாக இருந்தது திருத்தும் திறனால் வழங்கும் நாடானமைக்கு இது தக்க சான்றாகும்.

இத்துணைச் சிறப்புடைய அறிவு எவ்வடிவிற் பகிரப்படுகின்றது? கதை வடிவிலேயே எனலாம். அமெரிக்க மானிடவியலாளரான யூலியன் ஓர், செறொக்ஸ் நிறுவனத்தின் பிரதியெடுக்கும் இயந்திரங்களைத் திருத்துவோருடன் பழகி 1996இல் வெளியிட்ட ஆய்வு இதனை விளக்குகின்றது. நிறுவனம் வழங்கிய கைநூல் போதாதவிடத்து அத்தொழிலாளர் ஒருவர்க்கொருவர் கூறிய அனுபவக் கதைகளே அவர்களுக்கு உதவின என்பது அவர் கண்ட உண்மை. தெமட்டகொடைத் திருத்தகத்தின் தேநீர் வேளைக்கும் இது முற்றும் பொருந்தும். கைநூல் புதிய இயந்திரத்தை மனங்கொண்டு எழுதப்படுவது. ஐம்பது ஆண்டுகளில் மூன்று முறை உடைத்துப் பூட்டப்பட்டு, வேறொரு வண்டியின் பாகங்களும் பொருத்தப்பட்ட எஞ்சினைக் கைநூல் அறியாது. அதனைத் தொட்டவர்களே அறிவர்.

எனினும் கதைக்கு ஒரு குறை உண்டு. வென்ற மருந்தைக் கதை நினைவில் வைத்துக்கொள்ளும். தோற்ற மருந்துகளை மறந்துவிடும். ஓர் உதாரணம் இதனைத் தெளிவுபடுத்தும். நண்பகல் வெயிலில், பேஸ்லைன் வீதியின் நெரிசலில், பழைய காரொன்று நின்றுவிடுகின்றது. பெற்றோல் குழாயில் ஈரத்துணி சுற்றிச் சற்றுப் பொறுத்தால் எஞ்சின் மீண்டும் இயங்குகின்றது. வெப்பத்தாற் குழாயினுள்ளேயே பெற்றோல் ஆவியாகி, பம்பியின் உறிஞ்சலைத் தடுத்தது என்பது இதற்குக் கூறப்படும் விளக்கம். விளக்கம் சரியானதே, ஆயின் எல்லா வேளையிலும் சரியானதன்று. தீப்பொறிக்கு வேண்டிய உயர் மின்னழுத்தத்தை உண்டாக்கும் கொயில் பழுதுபட்டிருப்பினும் இதே குறிகள் தோன்றும்: சூடேறினால் மின்பொறி அற்றுப்போகும், ஆறினால் மீளும். துணியை நனைத்துச் சுற்றிய கால் மணி நேரத்திற் கொயிலும் ஆறிவிடுகின்றது. புகழோ துணிக்குச் சேர்கின்றது. எஞ்சின் நின்ற கணத்திலேயே ஒரு பிளக்கைக் கழற்றிப் பொறி பாய்கின்றதா எனப் பார்ப்பதே இவ்விரண்டையும் பிரித்தறியும் வழி. வாய்வழிப் பகிர்வில் ஈரத்துணி எளிதிற் பரவுகின்றது. பிளக்கைக் கழற்றிப் பார்த்த சோதனை பரவுவதில்லை. பரிகாரத்தைப் பகிர்தல் வேறு, பரிகாரத்தை அடைந்த வழியைப் பகிர்தல் வேறு என்பது இதனாற் பெறப்படும்.

இவ்வேறுபாட்டைக் கவனியாமையினால் விளையும் இழப்புக்குத் தமிழர்தம் அண்மை வரலாற்றிலேயே பெரும் எடுத்துக்காட்டு உண்டு. 1990இன் பின் யாழ்ப்பாணத்துக்குப் பெற்றோல் செல்வது தடைப்பட்டபோது, ஒஸ்ரின் ஏ 40, ஒஸ்ரின் கேம்பிரிட்ஜ், மொறிஸ் மைனர் முதலிய பழைய கார்கள் மண்ணெண்ணெயில் ஓடின. காபரேற்றரிற் சில துளி பெற்றோல் விட்டு எஞ்சினை இயக்கி, அது சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவர். நோயாளரும் கர்ப்பிணிகளும் மருத்துவமனையை அடைந்தது இத்தகைய வண்டிகளிலேயாகும். இந்நிகழ்ச்சி தமிழில் மீட்டும் மீட்டும் பேசப்பட்டுள்ளது. ஆயின் பேசப்பட்ட முறையிலேதான் குறை உள்ளது. தமிழனின் மதிநுட்பத்துக்குச் சான்று என்ற புகழுரையோடு அது முடிந்துவிடுகின்றது. அக்கார்களில் இயன்றது பிற்காலக் கார்களில் ஏன் இயலாது என்ற வினாவைப் புகழுரை எழுப்புவதில்லை.

விடை எஞ்சினின் அமைப்பில் உள்ளது. மண்ணெண்ணெய் எளிதில் ஆவியாகாது. ஆகவே குளிர்ந்த எஞ்சினை அதனால் இயக்க முடியாது. நெருக்கப்படும்போது அது உரிய வேளைக்கு முன்னரே தீப்பற்றி எஞ்சினில் 'தட்டலை' உண்டாக்கும். அப்பழைய கார்களின் நெருக்கல் விகிதம் ஏழுக்கு ஒன்று என்ற அளவை ஒட்டியதாகையால் இக்குறையை ஓரளவு பொறுத்தது. பத்துக்கு ஒன்றையும் தாண்டும் இக்கால எஞ்சின் பொறாது. மேலும், எரியாது எஞ்சிய மண்ணெண்ணெய் பிஸ்ரன் வளையங்களைக் கடந்து கீழிறங்கி எஞ்சின் எண்ணெயை நீர்த்துப்போகச் செய்யும்; பிளக்குகளிற் கரி படியும். பிரித்தானியாவில் 1940களின் இறுதியில் விற்பனைக்கு வந்த பெர்குசன் உழவு இயந்திரங்களில் ஒருவகையும் பெற்றோலில் இயங்கத் தொடங்கி மண்ணெண்ணெய் சார்ந்த எரிபொருளுக்கு மாறுவதே. எண்ணெய் நீர்த்துப்போதல் அங்கும் அறியப்பட்ட குறையே. அங்கு அது தொழிற்சாலை வகுத்த முறை. யாழ்ப்பாணத்திலோ தொழிற்சாலையின் துணையின்றித் திருத்தகங்களும் சாரதிகளும் தாமே வகுத்துக்கொண்ட முறை. எத்தனை மைலுக்கொருமுறை எண்ணெய் மாற்றினர், எவ்வளவு காலத்தில் எஞ்சின் தேய்ந்தது, எரிபற்றலின் நேரத்தை எவ்வளவு பின்தள்ளினர், எவ்வெம்முயற்சிகள் தோற்றன என்பவற்றை அவர்கள் அறிந்திருந்தனர். அவ்விவரங்களை விடுத்து வியப்பை மாத்திரம் எழுதியது எழுதவல்லோரின் தவறாகும். வியப்பு மற்றொரு தட்டுப்பாட்டுக் காலத்தில் ஒரு வண்டியையும் ஓட்டாது. 2022இல் நாடு முழுவதும் எரிபொருளுக்கு வரிசையில் நின்றபோது இவ்வனுபவம் நினைவுகூரப்பட்டது. எடுத்துப் படிக்கத்தக்க ஏடாக அது இருக்கவில்லை.

புகழுரைக்கு மறுதலையாகக் கலைச்சொல்லாக்கத்தைக் காட்டுவோர் உளர். 1950களிலும் 1960களிலும் அரசகரும மொழித் திணைக்களம் வெளியிட்ட சொற்றொகுதிகள் தமிழில் அறிவியல் கற்பிப்பதற்குப் பெருந்துணையாயின என்பதில் ஐயமில்லை. ஆனால் சொற்றொகுதி ஒரு பாகத்துக்குப் பெயரிடுமேயன்றி, அப்பாகம் பழுதுற்றபோது எழும் ஓசையை வருணிக்காது. திருத்தகத்திற் பிளக், கிளச், காபரேற்றர், கஸ்கற் என்னும் சொற்களே வழங்குகின்றன. இவற்றுக்குத் தூய தமிழ்ச் சொற்கள் கிடைக்கும்வரை எழுதுவதைத் தள்ளிவைத்தல் அறிவைத் தள்ளிவைத்தலேயாகும். இவ்விடத்து மருத்துவர் சாமுவேல் பிஸ்க் கிறீனின் முன்மாதிரி மனங்கொள்ளத்தக்கது. 1847இல் யாழ்ப்பாணம் வந்து மானிப்பாயிற் பணியாற்றிய அவர், மேலை மருத்துவத்தைத் தமிழிலேயே கற்பித்ததோடு பாடநூல்களையும் தமிழில் ஆக்குவித்தார். தமிழ்ச் சொல் பொருந்தியவிடத்து 'இரணவைத்தியம்' என்றார். பொருந்தாதவிடத்துக் 'கெமிஸ்தம்' என்று கடன்சொல்லுக்குத் தமிழுருக் கொடுத்தார். கற்பவன் நோயாளியின் முன் நிற்கும்போது பயன்பட வேண்டும் என்பதே அவர் உரைநடையின் அளவுகோலாயிருந்தது. அவ்வளவுகோல் மோட்டார் திருத்தகத்துக்கு இதுகாறும் பயன்படுத்தப்படவில்லை.

எழுதப்படாமைக்கு எழுதுவோரை மட்டும் குறைகூறுதல் நடுநிலையாகாது. அறிவைப் பகிர்தலின் பின்னணியிற் பொருளியல் உறவுகள் உள்ளன. காரின் சொந்தக்காரர் தாம் கற்றதைத் தாராளமாகச் சொல்வார். அதனால் அவர் இழப்பது யாதுமில்லை. திருத்துநரின் நிலை வேறு. அவர் அறிந்த நுட்பமே அவரது மூலதனம். அதனை வெளியிட்டால் வாடிக்கையாளர் தாமே திருத்திக்கொள்வர், அல்லது அயற்கடைக்குச் செல்வர். சித்த மருத்துவ நூல்கள் மருந்துகளைப் பரிபாஷைச் சொற்களில் மறைத்துக் கூறியமையையும் இத்தகைய அச்சத்தோடு ஒப்பிட்டு நோக்கலாம். ஆகையால் 'ஒளிப்பு' என்பதைக் குணக்குறையாகக் கருதுதல் பொருந்தாது. அது பாதுகாப்பற்ற தொழிலின் தற்காப்பாகும். இதனினும் கூர்மையான அநீதி ஒன்று உண்டு. பாஸ் கண்டறிந்த உத்தி, பழைய கார்ச் சொந்தக்காரர்களின் வட்டத்தில் சொந்தக்காரரின் உத்தியாகவே உலவுகின்றது. உடலுழைப்போரின் கண்டுபிடிப்பு உடைமையாளரின் பெயரிற் பகிரப்படும்போது, தாராளம் என்பதே ஒருவகைச் சுரண்டலாகிவிடுகின்றது.

இதற்கு மாற்று உண்டா? இரண்டு சான்றுகள் வழிகாட்டுகின்றன. முதலாவது இப்பகுதியிலேயே உள்ளது. தெமட்டகொடையிலும் அயலிலுள்ள மாளிகாவத்தையிலும் புகையிரத எஞ்சின்களைப் பேணும் கொட்டகைகள் உள்ளன. சாரதி கண்ட குறையைப் பதிவேட்டில் எழுதுதலும், செய்த திருத்தத்தைத் திருத்துநர் எதிரே குறித்தலும் புகையிரதத் தொழிலின் பொதுவழக்காகும். கொழும்புத் திட்டத்தின்கீழ் கனடாவிலிருந்து 1954இல் வரத்தொடங்கிய எம் 2 வகை டீசல் எஞ்சின்கள் அரை நூற்றாண்டையும் கடந்து உழைத்தமைக்கு இவ்வழக்கும் ஒரு காரணம் எனலாம். அவ்வகையைச் சேர்ந்த 591ஆம் இலக்க 'மனிற்றோபா', 2004 டிசெம்பர் 26இல் பெரலியவில் ஆழிப்பேரலையில் அகப்பட்ட புகையிரதத்தை இழுத்துச்சென்ற எஞ்சினாகும். ஆயிரத்துக்கு மேற்பட்டோர் மாண்ட அவ்விடத்திலிருந்து மீட்கப்பட்ட அது, இந்நாட்டுத் தொழிலாளராலேயே மீளக் கட்டப்பட்டு மறுபடியும் ஓடியது. எழுத்தும் கைத்திறனும் இணைந்து நின்றமையே இதன் பொருள்.

இரண்டாவது சான்று மேற்கூறிய செறொக்ஸ் நிறுவனத்தினது. திருத்துவோரின் கதைகளுக்குள்ள மதிப்பை உணர்ந்த அந்நிறுவனம், 1990களில் அவர்கள் கண்ட உத்திகளைத் தொகுக்கும் 'யுரேக்கா' என்னும் ஏற்பாட்டை அமைத்தது. அதன் சிறப்பு இரண்டு விதிகளில் அடங்கும். எந்த உத்தியும் சக திருத்துநர் சோதித்த பின்னரே ஏற்கப்பட்டது. ஏற்கப்பட்ட உத்தியுடன் அதனைக் கண்டவரின் பெயரும் நின்றது. முதல் விதி ஈரத்துணி மயக்கத்தைக் களைகின்றது. இரண்டாவது விதி பெயர்த் திருட்டைத் தடுக்கின்றது. எனினும் செறொக்ஸ் தொழிலாளர் மாதச் சம்பளம் பெற்றவர். உத்தியைக் கூறியதால் அவர் ஊதியம் குறையவில்லை. தெமட்டகொடையின் பாஸுக்கு அந்த உறுதி இல்லை. ஆகவே அவரிடம் கேட்டு எழுதுவோர் அவருடைய பெயரையும் கடையையும் உத்தியோடு சேர்த்து எழுதுதல் நன்றிக்கடன் மாத்திரமன்று. வாடிக்கையை அவரிடமே கொண்டுசேர்க்கும் கைம்மாறுமாகும்.

இவ்வாறு நோக்கின், வேண்டப்படுவது எளிய வடிவமொன்றே: வண்டியின் வகை, தோன்றிய குறி, ஐயுற்ற காரணங்கள், செய்து தோற்றவை, செய்து வென்றது, சொன்னவர் பெயர். இவ்வாறும் அமைந்த ஒரு பக்கம் நூறு புகழுரைகளினும் பயன்மிக்கது. அதனை எழுத முனைவோர் மும்மொழி கலந்த திருத்தகப் பேச்சை இழிவெனக் கருதாது செவிமடுக்க வேண்டும். சிங்களத்திற் சொல்லப்பட்ட உத்தி தமிழில் எழுதப்படுவதும், தமிழிற் கண்டது சிங்களத்திற் செல்வதும் இயல்பாக நிகழவேண்டியவை. பழுதுற்ற எஞ்சினைச் சூழ்ந்து நிற்போரிடையே அவை இப்பொழுதே நிகழ்கின்றன.

காலம் இதற்காகக் காத்திராது. காபரேற்றரையும் பொயின்ரையும் செவியால் அறிந்து சீர்செய்த தலைமுறை முதுமை எய்திவிட்டது. அவர்களிடம் பழகிய இளைஞருட் பலர் மத்திய கிழக்கு நாடுகளுக்குச் சென்றுவிட்டனர். இன்றைய கலப்பின வாகனங்களும் ஒருநாள் பழையனவாகும். அவற்றின் மின்கலங்கள் தளரும்போது இதே வினா மீண்டும் எழும். 1990களின் யாழ்ப்பாணத்து அறிவு ஏடேறாமற் போனதுபோல இன்றைய தெமட்டகொடையின் அறிவும் போகுமாயின், அடுத்த தட்டுப்பாட்டில் எல்லாவற்றையும் முதலிலிருந்தே கண்டுபிடிக்க வேண்டியிருக்கும். அந்தப் பாஸ்மார் இருக்கும்போதே சென்று கேட்டு எழுதுதல் பல்கலைக்கழகத் தமிழ் மாணவர்க்கு எட்டாத பணியன்று. தெமட்டகொடைக்கு ஒரு பஸ் பயணமே அதற்குப் போதும்.