உரலும் தும்மலும்

தாராவியில் நைன்ட்டி ஃபீட் ரோட்டிலிருந்து பிரியும் சந்து ஒன்றில், பத்துக்குப் பத்து அறையின் சுவரில் எழுத்து அட்டை ஒட்டியிருந்தது. அ அம்மா, ஆ ஆடு, இ இலை, ஈ ஈ, உ உரல். மூன்று வயதுப் பேத்தியை முன்னால் நிறுத்தி ஆச்சி ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டிருந்தார். உரலுக்கு வந்ததும் அவள் தயங்காமல் ‘டப்பா’ என்றாள். ஆச்சி தலையில் அடித்துக்கொண்டார். விடியும் முன்பே இட்லி மாவு கிரைண்டர் சத்தத்தில் கண்விழிக்கும் சந்து அது. அங்கே பிறந்தவள் உரலை எங்கே போய்ப் பார்ப்பாள்?

அட்டை அச்சடித்தவர் மேல் எனக்குக் கோபமில்லை. வாங்குகிறவர்கள் மேல்தான், என்னையும் சேர்த்து. மும்பைத் தமிழர்கள் பிள்ளையை நினைத்துப் புத்தகம் வாங்குவதில்லை. தமிழ் போய்விடுமே என்ற பயத்தில் வாங்குகிறோம். மாட்டுங்காவில் கிரி கடைக்குப் பஞ்சாங்கம் வாங்கப் போகிறவர் கையோடு ஓர் அரிச்சுவடி, ஓர் ஆத்திசூடி, ஒரு தெனாலிராமன் எடுத்துக்கொண்டு வருவார். மூன்றுமே நல்ல சரக்கு. ஆனால் முதலாவது எழுதிப் பழக, இரண்டாவது மனப்பாடம் செய்ய, மூன்றாவது பத்து வயதில் தானே படித்துச் சிரிக்க. மடியில் ஒரு பிள்ளையை வைத்துக்கொண்டு படிக்க மூன்றும் உதவாது.

ஐந்து வயதுக்குள் பிள்ளை புத்தகம் படிப்பதில்லை. பெரியவர் வாய் படிக்கிறது, பிள்ளையின் காது கேட்கிறது, கண் படத்தில் அலைகிறது. ஆகவே புத்தகத்தைத் தேர்வதற்கு முன்னால் கேட்க வேண்டியது, இந்த வீட்டில் படிக்கப்போகிற வாய் யாருடையது என்பதைத்தான். இந்தக் கேள்விக்கு மும்பையில் கிடைக்கும் விடை கொஞ்சம் தலைகீழானது. மும்பை மாநகராட்சி எட்டு மொழிகளில் பள்ளி நடத்துகிறது. அவற்றுள் தமிழும் ஒன்று. தோல் பதனிடும் தொழிலுக்குத் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்தவர்களின் பேத்தி அந்தப் பள்ளியில் ஏழாம் வகுப்புவரை படித்திருந்தால் தமிழைச் சரளமாகப் படிப்பாள். செம்பூரில் கச்சேரிக்குத் தவறாமல் போகும் வீட்டில், ஆங்கிலப் பள்ளியில் படித்த மென்பொருள்காரர் தமிழ்க் காலண்டரைப் படிக்கத் தடுமாறுவார். சங்கீதம் தெரிந்த வீடு, எழுத்துத் தெரியாத வீடு. இருவருக்கும் ஒரே புத்தகத்தைச் சிபாரிசு செய்கிறவர் இரண்டு வீட்டையும் பார்த்ததில்லை என்றே அர்த்தம்.

இந்த அளவுகோலை வைத்துக்கொண்டு கையில் கிடைப்பவற்றைப் பார்க்கலாம்.

சென்னை தூலிகா பதிப்பகத்தின் பெரிய உதவி, ஒரே படக்கதையைப் பல இந்திய மொழிகளில் தருவதும், பல நூல்களில் ஆங்கிலத்தையும் இன்னொரு மொழியையும் அருகருகே வைப்பதும். செம்பூர் அப்பாவுக்கு இது ஊன்றுகோல். ஆங்கில வரியைப் பார்த்துப் பொருள் பிடித்துக்கொண்டு தமிழ் வரியை எழுத்துக்கூட்டலாம். ஊன்றுகோலே காலாகிவிடும் ஆபத்தும் இதில் உண்டு. களைத்துப்போன இரவில் கண் ஆங்கில வரிக்குத்தான் போகும். அசோக் ராஜகோபாலனின் கஜபதி குலபதி இந்த ஆபத்தைத் தாண்டிவிடுகிறது. யானைக்கு ஜலதோஷம், பிறகு தும்மல். தும்மலுக்கு மொழிபெயர்ப்பு தேவையில்லை. படிக்கிறவர் எந்த மொழிக்காரராக இருந்தாலும் அந்த இடத்தில் உடம்பையே குலுக்கியாக வேண்டும், பிள்ளை ‘இன்னொரு தடவை’ என்று கேட்டே தீரும். சந்தியா ராவ் எழுத, நினா சப்னானி படம் அமைத்த அம்மாவின் புடவையைப் பற்றிய சிறு நூலும் இதே வரிசையில் நிற்கும். புடவை ரயிலாகிறது, ஒளிந்துகொள்ளும் இடமாகிறது, மூக்குத் துடைக்கும் துணியாகிறது. தாராவிக்கும் மாட்டுங்காவுக்கும் பொதுவான பொருள் ஏதாவது உண்டென்றால் அது அம்மாவின் முந்தானைதான். அந்தப் புத்தகத்தை மூடியதும் விளையாட்டை வீட்டுக் கொடியிலிருந்தே தொடரலாம்.

பிரதம் புக்ஸின் கதை வேறு. 1995-இல் மும்பைக் குடிசைப் பகுதிக் குழந்தைகளுக்காகத் தொடங்கிய பிரதம் அமைப்பின் வழியில் 2004-இல் பெங்களூரில் பிறந்த பதிப்பகம் அது. மெல்லிய தாள், குறைந்த விலை, வாசிப்புத் திறனுக்கேற்ப நான்கு படிநிலைகள். 2015-இல் ஸ்டோரிவீவர் என்ற இணையத்தளத்தில் கதைகளைத் திறந்த உரிமத்தில் வைத்தார்கள். யாரும் இலவசமாகப் படிக்கலாம், அச்சிடலாம், மாற்றி எழுதலாம். தலைமுடி வெட்ட ஆளே கிடைக்காமல் கடைசியில் புலியிடம் போய் நிற்கும் சிருங்கேரி ஸ்ரீனிவாஸின் கதையை எந்த வீட்டிலும் நம்பிப் படிக்கலாம். மொத்தத்தில் பார்த்தால் தமிழின் தரம் சீராக இல்லை. சில கதைகளில் ஆங்கில வாக்கியத்தின் எலும்பு துருத்திக்கொண்டு நிற்கிறது. வாய்விட்டுப் படித்தால் மூன்றாவது வரியிலேயே அது தெரிந்துவிடும்.

இங்கேதான் பழைய சண்டை வருகிறது: பிள்ளைப் புத்தகம் பேச்சுத் தமிழில் இருக்க வேண்டுமா, எழுத்துத் தமிழிலா? பேச்சுத் தமிழ் என்பவர்களின் நியாயம் எனக்குப் புரிகிறது. ‘கூறினாள்’, ‘வினவினான்’ என்று எந்த அம்மாவும் பிள்ளையிடம் பேசுவதில்லை. ஆனால் எந்தப் பேச்சு? தாராவியின் நெல்லைப் பேச்சும் செம்பூரின் பாலக்காட்டுப் பேச்சும் ஒரே பக்கத்தில் அச்சேறாது. என் தீர்ப்பு: எழுத்துத் தமிழே இருக்கட்டும், ஆனால் படிக்கும்போதே பேச்சாக மாற்றிக்கொள்ளும்படி சின்னச் சின்ன வாக்கியமாக இருக்கட்டும். மடமட, சலசல, தொபுக்கடீர் என்று தமிழில் கொட்டிக்கிடக்கும் ஒலிச் சொற்களைப் பயன்படுத்தாத பிள்ளைப் புத்தகத்தை நான் சந்தேகத்தோடுதான் பார்ப்பேன். ஸ்டோரிவீவர் தரும் மாற்றும் உரிமையைத் தாராவி இளைஞர் யாராவது பயன்படுத்தி நாலு கதையை நெல்லைத் தமிழில் அச்சிட்டால், மேலே சொன்ன குறையைப் பாதி மன்னித்துவிடுவேன்.

தாளைப் பற்றியும் ஒரு வார்த்தை. மும்பை மழையில் நான்கு மாதம் எல்லாக் காகிதமும் ஊறும். ஒரு வயதுப் பிள்ளை புத்தகத்தை முதலில் வாயில் வைத்துத்தான் பார்க்கும். கெட்டி அட்டைப் புத்தகம் என்றால் தாங்கும். பின் அடித்த மெல்லிய புத்தகம் அந்த வயதுக்குக் கூடாது.

இனி வயிற்றில் இருக்கும் பிள்ளைக்கு. மகாராஷ்டிரத்தில் கர்ப்பிணிக்குப் புத்தகம் என்றால் முதலில் நீளும் கை ‘கர்ப்ப சன்ஸ்கார்’ நூல்களுக்குத்தான். பாலாஜி தாம்பே மராத்தியில் எழுதிய தடிமனான நூல் அவற்றில் பெயர்பெற்றது; மராத்தி படிக்கும் தமிழ் வீடுகளிலும் அது நுழைந்துவிட்டது. இந்த வகை நூல்களுக்கு ஒரு நியாயம் உண்டு: வீடு முழுவதும் அவளை ஓய்வாக, மனநிம்மதியோடு வைத்திருக்க வேண்டும் என்கின்றன. அந்த ஒரு வரியை மாமியார்கள் படித்தாலே புத்தகத்தின் விலை தேறிவிடும். ஆனால் இதைச் சாப்பிட்டு இதைக் கேட்டால் இப்படிப்பட்ட பிள்ளை பிறக்கும் என்று வாக்குக் கொடுக்கும்போது கதை மாறுகிறது. பிள்ளைக்கு ஏதாவது குறை என்றால் பழி யார் தலையில் விழும்? அபிமன்யுவைச் சாட்சிக்கு அழைப்பவர்கள் ஒன்றை மறந்துவிடுகிறார்கள்: அந்தக் கதையில் சுபத்திரை தூங்கிப்போனதால்தான் மகன் செத்தான். கர்ப்பிணியின் தூக்கத்தைக் குற்றமாக்கும் கதையை வளைகாப்பில் சொல்லலாமா?

வயிற்றுப் பிள்ளைக்குக் காது கேட்பது மட்டும் பொய்யில்லை. 1986-இல் அமெரிக்காவில் டிகாஸ்பரும் ஸ்பென்ஸும் செய்த ஆய்வில், கர்ப்பிணிகள் கடைசி ஆறு வாரம் தினமும் ஒரு பிள்ளைக் கதையை உரக்கப் படித்தார்கள். பிறந்த சில நாளிலேயே, உறிஞ்சும் வேகத்தை மாற்றிப் புதுக் கதையைவிடப் பழகிய கதையையே அந்தக் குழந்தைகள் விரும்பிக் கேட்டன. ஆய்வு சொல்வது இவ்வளவுதான்: தாளம் பதிகிறது. அறிவு கூடியது என்று அது சொல்லவில்லை.

ஆங்கிலப் புத்தகக் கடைகளில் அடுக்கியிருக்கும் ‘வாட் டு எக்ஸ்பெக்ட்’ 1984-இல் வந்த அமெரிக்க நூல். பயத்தைத் தெளிவிக்கும், ஆனால் அதில் மாமியார் இல்லை, ஏழாம் மாதம் ஊருக்கு அனுப்பும் வழக்கம் இல்லை, பப்பாளி பற்றிய சண்டையும் இல்லை. எந்தக் கர்ப்பகால நூலையும் நான் மூன்று இடத்தில் புரட்டிப் பார்ப்பேன். முகவீக்கம், கடும் தலைவலி, இரத்தப்போக்கு, அசைவு குறைதல் வந்தால் உடனே மருத்துவமனைக்குப் போ என்கிறதா? இரும்புச் சத்து மாத்திரையை விடாமல் சாப்பிடச் சொல்கிறதா? சீம்பாலைப் பீய்ச்சிக் கொட்டாதே என்கிறதா? தாராவியின் வாசலிலேயே இருக்கும் சயான் மருத்துவமனையில்தான் டாக்டர் அர்மிடா ஃபெர்னாண்டஸ் 1989-இல் நாட்டின் முதல் தாய்ப்பால் வங்கியைத் தொடங்கினார். அந்த மருத்துவமனையின் நிழலில் விற்கும் புத்தகம் தாய்ப்பாலுக்கு அரைப்பக்கமும் குங்குமப்பூவுக்கு மூன்று பக்கமும் ஒதுக்கினால் அதைக் கீழே வைத்துவிடுங்கள். அரசு தரும் தாய் சேய் பாதுகாப்பு அட்டை இதைவிடப் பல மடங்கு மேல், அதுவும் இலவசம்.

என் முடிவு இதுதான். கர்ப்பிணிக்கு அந்த அட்டை ஒன்று, பிறக்கப்போகும் பிள்ளையின் முதல் படக்கதை ஒன்று. அதை ஏழாம் மாதத்திலிருந்தே உரக்கப் படிக்கலாம், கணவனும் படிக்கலாம். தமிழ் எழுத்துத் தெரிந்த வீட்டுக்குத் தும்மும் யானை. தெரியாத வீட்டுக்கு இருமொழிப் பதிப்பு. யாருக்குமே எந்த மொழி எழுத்தும் தெரியாத வீட்டுக்கு வார்த்தையே இல்லாத புத்தகம்: பிரியா குரியன் படம் வரைந்த, மூக்குக் கண்ணாடி காணாமல் திண்டாடும் அம்மாச்சியின் கதை.

அதைத்தான் அடுத்த முறை அந்தச் சந்துக்கு எடுத்துப் போனேன். ஆச்சிக்கு எழுத்துத் தெரியாது. இரண்டு பக்கம் புரட்டினார், பிறகு தானாகவே சொல்ல ஆரம்பித்தார், “ஒரு ஊர்ல ஒரு கெழவி, கண்ணாடிய எங்க வச்சாளோ...” பக்கத்துக்குப் பக்கம் கதை படத்தைவிட்டு விலகி ஆச்சியின் ஊரான ஏரலுக்கே போய்விட்டது. அங்கே கிழவி நாற்காலி என்று நினைத்து உரல்மேல் உட்கார்ந்துவிட்டாள்.

“உரலுன்னா என்ன ஆச்சி?” என்றாள் பேத்தி.