குரலுக்கு உரிய பெயர்

1989ஆம் ஆண்டு ஜூலை 10ஆம் திகதி, அமெரிக்காவின் லொஸ் ஏஞ்சல்ஸ் நகரில் மெல் பிளாங்க் தமது 81ஆவது வயதிற் காலமானார். அவரது முகத்தை ஒருநாளும் கண்டிராத பல்லாயிரவர் அவருக்காக வருந்தினர். பக்ஸ் பனி என்னும் முயலும், டஃபி என்னும் வாத்தும், போர்க்கி என்னும் பன்றியும், ட்வீட்டியும், அதனைத் துரத்தும் சில்வெஸ்டர் பூனையும் ஒரே மனிதனின் தொண்டையிலிருந்து பேசியவை என்பதைச் சிலர் அன்றுதான் அறிந்தனர்.

இத்துயரைச் சிறுபிள்ளைத்தனம் என்று ஒதுக்குவோர் உளர். நாம் அவ்வாறு கருதவில்லை. கோடுகளால் ஆன முயலுக்கு உயிரூட்டியது மனிதனின் மூச்சு. அம்மூச்சு நின்றபோது மக்கள் கலங்கியது இயல்பே. எனினும் அத்துயர் கண்ணீரோடு நின்றுவிடலாகாது என்பதே நமது வாதம்.

பிளாங்க் மறைந்தபின் வெளிவந்த ஓர் ஓவியம் பலரது உள்ளத்தைத் தொட்டது. ஒளிவட்டத்தினுள் ஒலிவாங்கி ஒன்று தனித்து நிற்கின்றது. சூழவுள்ள இருளில் அவர் பேசவைத்த பாத்திரங்கள் தலைகுனிந்து நிற்கின்றன. ‘பேச்சிழந்தவர்கள்’ என்று பொருள்படுவது அதன் தலைப்பு. அழகிய கற்பனைதான். ஆயினும், பாத்திரங்கள் துக்கங்கொண்டாடும் அக்காட்சியில் உழைப்பு எங்கே? கூலி எங்கே?

குரல் என்பது உழைப்பு. 1961 ஜனவரியில் மோட்டார் விபத்தொன்றிற் சிக்கிய பிளாங்க், உடலெங்கும் கட்டுடன் படுக்கையிற் கிடந்தவாறே ‘பிளின்ஸ்டோன்ஸ்’ தொடரின் பார்னிக்குக் குரல் கொடுத்தார். அவ்வுழைப்பின் விலை என்ன? 1940களில் அவர் சம்பள உயர்வு கேட்டபோது தயாரிப்பாளர் லியோன் ஷ்லெசிங்கர் மறுத்துவிட்டார். பணம் இல்லையெனில் திரையிலே பெயராவது வேண்டும் என்றார் பிளாங்க், அது கிடைத்தது. கூலிக்குப் பதிலாகக் கொடுக்கப்பட்ட அப்பெயரே பின்னர் அவரது புகழுக்கு அடிப்படையாயிற்று.

இங்கு இன்னோர் உண்மையையும் மறைத்தலாகாது. அதே படங்களில் எல்மர் ஃபட் என்னும் வேட்டைக்காரனுக்குக் குரல் கொடுத்த ஆர்தர் கியூ. பிரையன், அப்படங்களிற் பெரும்பாலானவற்றின் திரையிலே தமது பெயரைக் காணாமலே 1959இல் மறைந்தார். முயலும் வேட்டைக்காரனும் சேர்ந்தே நம்மைச் சிரிக்கவைத்தனர், நினைவுகூரப்பட்டவரோ ஒருவரே. தனியொருவர் வென்றெடுத்த உரிமை, எல்லோர்க்கும் உரியதாகாதவரை, சலுகையே எனலாம்.

நம் நாட்டுக்கும் இதில் பங்குண்டு. ரூபவாஹினியில் டைட்டஸ் தொட்டவத்த அதே முயலை ‘ஹா ஹா ஹரி ஹாவா’ எனச் சிங்களம் பேசவைத்தார். 2011இல் அவர் மறைந்தபோது ஒரு தலைமுறையே தன் இளமையை எண்ணிக் கலங்கியது. அவருடன் ஒலிப்பதிவுக் கூடத்திற் குரல் கொடுத்த ஏனையோரின் பெயர்களை நம்மில் எத்தனைபேர் சொல்லவல்லோம்?

இன்று இக்கேள்வி மேலும் கூர்மையடைந்துள்ளது. இறந்தவரின் குரலையும் இயந்திரத்தாற் போலிசெய்ய முடியும் என்ற நிலை வந்துவிட்டது. 2023இல் அமெரிக்கத் திரை நடிகர்களும், 2024இல் கணினி விளையாட்டுகளுக்குக் குரல் கொடுப்போரும் வேலைநிறுத்தத்தில் இறங்கியமைக்கு இதுவும் ஒரு காரணம். குரலுக்கு உடையவரின் சம்மதமும் ஊதியமும் வேண்டும் என்பது அவர்தம் கோரிக்கை. ஒருவர் தனித்து நின்று கேட்டுப் பெற்றது பெயர் மட்டுமே. இவர்கள் சங்கமாய்த் திரண்டு கேட்டது உரிமை.

படமுடிவிற் போர்க்கி சொல்லும் விடைபெறு வாசகமே பிளாங்கின் கல்லறையிற் பொறிக்கப்பட்டுள்ளது. கதை முடிந்தது என்பது அதன் பொருள். பெயரின்றி உழைத்தவர்களின் கதை இன்னும் முடியவில்லை. அன்புக்குரிய குரலுக்காக அழுவோர், அக்குரலை விற்று வாழ்ந்த மனிதருக்காகவும் வாய்திறக்கட்டும். அதுவே மெய்யான அஞ்சலியாகும்.