வலக்கையின் இலக்கணம்

ஒரு த்ராஷ் மெட்டல் குழுவின் தரத்தை அறிய, கிட்டார் வாசிப்பவரின் வலக்கையைத்தான் முதலில் கவனிக்க வேண்டும். உள்ளங்கையின் ஓரத்தைத் தந்திகள்மேல் பதித்து, நாதத்தை நீளவிடாமல் நறுக்கி, எவ்வளவு வேகத்திலும் ஒவ்வொரு அடியும் தனித்தனியாகக் காதில் விழும்படி வாசிப்பதே இந்த மரபின் இலக்கணம். குரல் இனிமையாக இருக்க வேண்டியதில்லை. தாளத்தை விடாமல் பிடித்து நின்றால் போதும்.

1980களின் தொடக்கத்தில், பிரிட்டிஷ் ஹெவி மெட்டலின் கிட்டார் நுணுக்கமும் ஹார்ட்கோர் பங்க்கின் ஆவேசமும் கலந்து பிறந்த இசை இது. நியூயார்க்கின் ஆந்த்ராக்ஸ், நியூ ஜெர்சியின் ஓவர்கில் குழுக்களிடம் பங்க்கின் வாடை தூக்கலாக இருந்தது. ஜெர்மனியின் ரூர் தொழில் வட்டாரத்திலிருந்து வந்த கிரியேட்டரும் சோடமும் முரட்டுத்தனத்தைச் செதுக்காமலே முன்வைத்தன. பிரேசிலின் செபுல்துரா அதே முரட்டுத்தனத்தில் தொடங்கி, பின்னாளில் தன் மண்ணின் தாளங்களைத் தேடிப் போனது. கச்சிதத்துக்குப் பேர்போனது சான் பிரான்சிஸ்கோ வளைகுடாப் பகுதி. மெட்டாலிகாவின் புகழால் அந்தப் பாணி அவர்களுடையது என்றே பலரும் நினைக்கிறார்கள். என் காதுக்கு அதன் உரைகல் எக்ஸோடஸ்தான்.

அந்தக் குழுவுக்குக் காலம் கைகொடுத்ததே இல்லை. ஆரம்பக் கால உறுப்பினரான கிர்க் ஹாமெட்டை 1983இல் மெட்டாலிகா அழைத்துக்கொண்டது. 1984இல் பதிவான முதல் ஆல்பம் ‘பாண்டட் பை பிளட்’ 1985இல்தான் வெளிவந்தது. அதற்குள் மெட்டாலிகா, ஸ்லேயர் குழுக்களின் ஆல்பங்கள் கடைகளுக்கு வந்துவிட்டன. எக்ஸோடஸோ, ரசிகர்கள் கைமாற்றிய கேசட்டுகளில் சுற்றிக்கொண்டிருந்தது. அந்தத் தாமதம் மட்டும் இல்லையென்றால், இந்த இசையின் தலையாய நான்கு குழுக்களைக் குறிக்கும் ‘பெரிய நால்வர்’ பட்டியலே வேறு மாதிரி இருந்திருக்கும் என்று நம்புகிறேன்.

பாடகர் பால் பாலோஃப் சுருதிக்குள் அடங்குபவர் அல்லர். ஆனாலும் அவருடைய கத்தல் இல்லாமல், அந்த ஆல்பத்தில் கேரி ஹோல்ட்டும் ரிக் ஹுனோல்ட்டும் கிட்டாரில் வாசித்ததை நினைத்துப் பார்க்கவே முடியவில்லை. 1986இல் அவரை நீக்கினார்கள். ஸ்டீவ் சூசா வந்தார், பெரிய நிறுவனத்தின் ஒப்பந்தமும் வந்தது, 1990களின் முற்பகுதியில் குழு கலைந்தது. 1997இல் பாலோஃபையே திரும்ப அழைத்து, மேடைக் கச்சேரி ஒன்றை ஆல்பமாக வெளியிட்டார்கள். 2002 பிப்ரவரியில் பக்கவாதம் அவரைக் கொண்டுபோனது, வயது 41. அந்த இழப்பிலிருந்து எழுந்து 2004இல் தந்த ‘டெம்போ ஆஃப் தி டாம்ன்ட்’, மறுவருகை ஆல்பங்களில் நான் முதலிடம் தருவது.

அதில் பாடிய சூசா அதே ஆண்டில் விலகினார். ராப் டியூக்ஸ் வந்தார். 2014இல் மறுபடி சூசா. 2025இல் மறுபடி டியூக்ஸ். ஹோல்ட் மட்டும் நகரவில்லை. 2011 முதல் ஸ்லேயரில் அதன் கிட்டார் கலைஞர் ஜெஃப் ஹானமனின் இடத்தில் வாசித்த ஆண்டுகளிலும் எக்ஸோடஸை அவர் கைவிடவில்லை. டிரம்ஸ் வாசிக்கும் டாம் ஹன்டிங்குக்கு 2021இல் வயிற்றுப் புற்றுநோய். வயிற்றையே அகற்றிய அறுவைச் சிகிச்சைக்குப் பின் அதே ஆண்டில் மேடையேறினார். அந்த நவம்பரில் வெளிவந்த ‘பர்சோனா நான் கிராட்டா’வைக் கேட்டால், ஐம்பதைக் கடந்தவர்களின் வாசிப்பு என்று யாராலும் சொல்ல முடியாது.