திசையன் கூட்டலும் தும்பாக் கடற்கரைக் காற்றும்

பௌதிகம் படிக்கத் தொடங்கும் பிள்ளைக்கு முதல் தடுமாற்றம் எங்கே வருகிறது என்று கேட்டால், மூன்றும் நாலும் ஐந்து என்று வாத்தியார் சொல்லும் இடத்தில்தான். அதுவரை மூன்றும் நாலும் ஏழு. கிழக்கே 4 மீட்டர் நடந்து, பிறகு வடக்கே 3 மீட்டர் நடந்தவன், புறப்பட்ட இடத்திலிருந்து 5 மீட்டர் தொலைவில்தான் நிற்கிறான். இதை மனம் ஒப்பச் செய்வதே திசையன் பாடத்தின் வாசல். அந்த வாசலைத் திறக்கும் விதத்தில் நம் பாடநூல்கள் பலவற்றிலும், அவற்றைவிட அதிகமாகப் பரீட்சை வழிகாட்டி நூல்களிலும் உள்ள ஒரு குறையைப் பற்றியதே இக்கட்டுரை.

முதலில் சொல்லைப் பார்ப்போம். 'வெக்டர்' என்பதை இந்தப் பொருளில் 1840களில் வழங்கியவர் அயர்லாந்துக் கணித அறிஞர் ஹாமில்டன். இலத்தீனில் அதற்குச் சுமந்து செல்வது என்று பொருள். தமிழ்நாட்டில் திசையன் என்றும் வெக்டர் என்றும் எழுதுகிறார்கள். இலங்கைத் தமிழ்ப் பாடநூல்களில் 'காவி'. காவுதல் என்றால் சுமத்தல். காவடியும் அந்த வழி வந்ததுதான். காவி என்றதும் நம்மவர்கள் சாமியார் வேட்டியை நினைத்துச் சிரிப்பார்கள், ஆனால் மூலச்சொல்லின் பொருள் அதில்தான் அப்படியே இருக்கிறது. இங்கே மலையாளத்தில் 'ஸதிசம்', அதாவது திசையோடு கூடியது. கூட்டி வரும் விடைக்குத் தமிழ்நாட்டில் தொகுபயன், இலங்கையில் விளையுள். எல்லாம் நல்ல சொற்களே. ஆகவே குறை சொல்லில் இல்லை. பெயரில் இருக்கும் திசை கணக்கில் காணாமல் போகிறதே, அங்கேதான் குறை.

சமண இல்லறத்தார் ஏற்கும் விரதங்களில் திக்விரதம் என்று ஒன்று உண்டு. நாலு திசை, நாலு கோணத்திசை, மேல், கீழ் ஆகப் பத்துத் திசையிலும் இவ்வளவு தூரத்துக்கு மேல் போகமாட்டேன் என்று வரையறுத்துக்கொள்வது. தூரத்தை மட்டும் சொன்னால் விரதம் ஆகாது, எந்தத் திசையில் என்றும் சொல்லியாக வேண்டும். திசையன் பாடத்தின் முதல் வரியும் இதுவே.

வழிகாட்டி நூல்கள் என்ன செய்கின்றன? ஆற்றைக் கடக்கும் படகு ஒன்றைப் போட்டு, உடனே சூத்திரம் தருகின்றன. தொகுபயனின் அளவுக்கு வர்க்கமூலம், திசைக்கு டேன்ஜென்ட். படம் வரையாமலே விடை வந்துவிடும், மார்க்கும் வந்துவிடும். ஆனால் பாருங்க, கிழக்கே 4, வடக்கே 3 என்றாலும் விகிதம் 3/4தான். மேற்கே 4, தெற்கே 3 என்றாலும் அதே 3/4தான். கால்குலேட்டர் இரண்டுக்கும் ஏறத்தாழ 37 பாகை என்றே காட்டும். ஒன்று வடகிழக்கு, மற்றது அதற்கு நேர் எதிரான தென்மேற்கு! எந்தப் பக்கம் என்று சூத்திரம் சொல்லாது, படம்தான் சொல்லும்.

பரீட்சையில் இது அரை மார்க் விஷயம். நம் ஊர்த் தும்பாவில் அப்படி இல்லை. காந்த நடுக்கோட்டுக்கு அருகில் இருக்கிறது என்பதற்காக விக்ரம் சாராபாய் தேர்ந்தெடுத்த அந்தக் கடலோரக் கிராமத்திலிருந்து, 1963 நவம்பர் 21 அன்று நைக்கி-அப்பாச்சி ராக்கெட் புறப்பட்டது. மேரி மக்தலேனா தேவாலயம் அலுவலகமானது பலரும் அறிந்த கதை. அதிகம் பேசப்படாதது வேறு. இந்த வகை ஆய்வு ராக்கெட்டுகளுக்குப் போகும் வழியில் திசை திருப்பும் கருவி கிடையாது. ஏவுதளத்தை எந்தப் பக்கம், எவ்வளவு சாய்த்து வைக்கிறோமோ, அதுவும் காற்றும் சேர்ந்துதான் பாதையை முடிவு செய்யும்.

வால் துடுப்பு உள்ள ராக்கெட், எரியும்போது காற்று வரும் பக்கமே மூக்கைத் திருப்பும். நொடிக்கு 50 மீட்டர் வேகத்தில் ஏறும்போது குறுக்கே 5 மீட்டர் காற்று அடித்தால், அதை மோதும் காற்று ஏறத்தாழ 6 பாகை சாய்ந்து வருகிறது. வேகம் 500 ஆகிவிட்டால் அதே காற்றுக்கு அரைப் பாகை சொச்சம்தான். அதனால் தரைக்கு அருகில் அடிக்கும் காற்றுக்கே பலம் அதிகம். பலூன் விட்டு ஒவ்வொரு உயரத்திலும் காற்றை அளந்து, அதற்குரிய பங்கைப் பெருக்கி, பிறகு திசையன்களாகக் கூட்டுவார்கள்.

எளிமைக்காக இரண்டே அடுக்கு வைப்போம். கீழே கிழக்கு நோக்கி 5 மீட்டர் காற்று, பங்கு 0.8, மேலே வடக்கு நோக்கி 15 மீட்டர், பங்கு 0.2. கிடைப்பது கிழக்கே 4, வடக்கே 3. தொகுபயன் 5, கிழக்கிலிருந்து வடக்காக 37 பாகை. மேலே எவ்வளவு பலமாக அடித்தாலும், கீழ்க்காற்றே விடையைத் தன் பக்கம் இழுத்துவிட்டது. ஏவுதளத்தை இந்தத் தொகுபயன் போகும் பக்கமே சற்றுத் திருத்தி வைக்க வேண்டும். எதிர்ப்பக்கம் திருத்தினால் பிழை தீராது, இரட்டிக்கும். மேற்கே அரபிக்கடல், கிழக்கே குடியிருப்பு. இங்கே 37 பாகை என்று மட்டும் எழுதிவிட்டுப் போக முடியுமா?

இந்தக் கணக்கு ஒழுங்காகப் போடப்பட்டது என்பதற்குச் சாட்சி வேண்டுமானால், 2022 நவம்பர் 23 அன்று ஆர்.எச்.-200 வகை ராக்கெட் தும்பாவில் தொடர்ச்சியாக 200வது முறை வெற்றி பெற்றதைச் சொல்லலாம்.

இணைகர விதியை நியூட்டன் 1687ல் எழுதியது சூத்திரமாக மனப்பாடம் செய்ய அல்ல, இரு விசைகள் சேர்ந்தால் பொருள் எந்த வழி போகும் என்று காட்ட. ஆகவே பாடநூல் எழுதுவோர் முதல் வாரம் சூத்திரமே தரவேண்டாம். கோடும் அளவுகோலும் பாகைமானியும் போதும். விடையில் பாகையோடு 'எதிலிருந்து எந்தப் பக்கம்' என்று எழுதாதவருக்கு மார்க் தரவேண்டாம். உதாரணத்துக்கு ஊர் பெயர் இல்லாத ஆறும் வேண்டாம். கேரளத்தில் தமிழ் வழி படிக்கும் நம் பிள்ளைகளுக்குத் தும்பாவைச் சொல்லுங்கள். தான் கூட்டுவது வெறும் எண்ணை அல்ல, ஒரு போக்கை என்று அவர்களுக்குத் தானே புரியும்.