ஒரே குன்று, பல ஓவியங்கள்

இத்தாலியின் டஸ்கனிக்கு ஓவியம் தீட்டுவதற்கென்றே குழுவாக விடுமுறை போகிறவர்கள் உண்டு. தங்கல் பழைய பண்ணை வீட்டில். காலையில் மடக்கு நாற்காலியும் வண்ணப்பெட்டியுமாக வயலோரம் வந்துவிடுகிறார்கள். வெயில் ஏற ஏற நிழல் நகரும், நீர்வண்ணமும் சட்டென உலரும். அதனால் கைதேர்ந்தவர்கள் முதலில் குறித்துக்கொள்வது நிழல் விழும் இடத்தைத்தான்.

சியெனா நகருக்குத் தெற்கே உள்ள வால் தோர்ச்சா பள்ளத்தாக்கு இதற்கு வாகான இடம். மறுமலர்ச்சிக் கால ஓவியர்கள் போற்றிய அந்த நிலக்காட்சியை யுனெஸ்கோ 2004இல் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. அலையலையான குன்றுகள், வரிசை கட்டிய சைப்ரஸ் மரங்கள். வண்ணத்தட்டில் இருக்கும் சியெனா நிறமும் இந்த வட்டாரம் தந்ததுதான்: இரும்பு ஆக்சைடு கலந்த மஞ்சள் பழுப்பு மண். அதைச் சுட்டால் செம்பழுப்பாகும்.

வெளியே போய் வரைவதும் டஸ்கனியில் பழைய பழக்கம். 1850களில் பிளாரன்ஸ் காப்பிக்கடை ஒன்றில் கூடிய மாக்கியாயோலி ஓவியர்கள், இப்படி வெளியே போய் வரைந்து, ஒளியையும் நிழலையும் வண்ணத் திட்டுகளாகவே வைத்தார்கள்.

மாலையில் எல்லாப் படங்களையும் சுவரோரம் சாய்த்துவைத்துப் பார்ப்பதில்தான் குழுவின் ருசி. குன்று ஒன்றுதான். ஒருவர் தாளில் முக்கால்வாசி வானம்; இன்னொருவர் ஒலிவ இலையின் சாம்பல் பச்சையை விட்டு நகரவே இல்லை. அடுத்தவர் கண்ணைக் கடன் வாங்கிப் பார்க்கக் கிடைக்கும் இந்த வாய்ப்புக்காகவே, வரையத் தெரியாதவர்களும் ஒருமுறை போகலாம்.