உடைத்த முகத்தின் நிறம்

கொல்லிமலை போய்வந்தவர்களிடம் பேச்சுக் கொடுத்தால் ஆகாய கங்கையும் எழுபது கொண்டை ஊசி வளைவும் முதலில் வந்துவிடும். இரண்டும் ஒரே கல்லின் வேலை. ஏறக்குறைய 300 அடி உயரத்திலிருந்து ஐயாறு நேராக விழுகிறது என்றால் அதற்குக் காரணம் அந்தக் கல்லின் பிடிவாதம்தான். காரவள்ளியிலிருந்து ஏறும் சாலை எழுபது தடவை திரும்ப வேண்டியிருப்பதும் அதனால்தான். சமவெளியிலிருந்து சுமார் ஆயிரம் மீட்டர் எழும்பி, ஓரங்களில் சரியாமல் செங்குத்தாக நிற்கும் சார்னோகைட் மலை இது. அருவியைப் படம் பிடிக்கிறவர்கள் அருவிக்குப் பின்னால் நனைந்து நிற்கும் அந்தக் கல்லின் மேல் ஒரு நிமிடம் கண்ணை வைத்தால் எவ்வளவு நன்றாக இருக்கும்!

நான் சொல்ல வந்தது அந்தக் கல்லின் உடைத்த முகத்தைப் பற்றி மட்டும். வெயிலும் மழையும் பட்ட சார்னோகைட் பழுப்பாக, சற்று அழுக்காகவே தெரியும். அதைப் பார்த்து யாரும் மயங்கப் போவதில்லை. சம்மட்டி விழுந்து ஒரு சில்லு பெயர்ந்ததும் உள்ளே தெரிவது வேறு கல். கரும்பச்சை, ஆனால் பச்சை என்று அடித்துச் சொல்ல முடியாத பச்சை. கொஞ்சம் சாய்த்தால் உள்ளே தேன்நிறம் ஓடும். அதன்மேல் எண்ணெய்ப் பளபளப்பு. இந்த மூன்றும் சேர்ந்த முகத்தை நான் உலகத்தின் எந்த ரத்தினத்துக்கும் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

இத்தனை இருண்ட கல்லில் இருண்ட கனிமம் கொஞ்சம்தான் என்பது எனக்கு இன்றுவரை தீராத வியப்பு. பெரும்பங்கு குவார்ட்ஸும் ஃபெல்ஸ்பாரும். வேறு கிரானைட்டில் இதே இரண்டும் வெள்ளையாக, வெளிர்சிவப்பாக உட்கார்ந்திருக்கும். இங்கே ஃபெல்ஸ்பாரே கறுத்திருக்கிறது. கண்ணுக்குத் தெரியாத அளவில் இரும்புள்ள துகள்கள் அதற்குள் கலந்து அதை ஆழ்ந்த பச்சையாக்கிவிடுகின்றன. குவார்ட்ஸோ நீலம். லென்ஸை வைத்துப் பார்த்தால் பச்சை ஃபெல்ஸ்பாருக்கு நடுவே புகைமூட்டமான ஒரு நீலம் திட்டுத்திட்டாகத் தெரியும். அது சாயத்தின் நீலம் இல்லை. குவார்ட்ஸுக்குள் மயிரிழையிலும் நுண்ணிய ரூட்டைல் ஊசிகள் கிடக்கின்றன. அவை ஒளியைச் சிதறடிப்பதால் வருவது. வானம் நீலமாக இருப்பதும் இப்படிச் சிதறும் ஒளியால்தான். கல்லைக் கொஞ்சம் திருப்பினால் நீலம் போய்விடும். மறுபடி திருப்பினால் வந்துவிடும்.

மூன்றாவது ஆள் ஹைப்பர்ஸ்தீன். வெறுங்கண்ணுக்கு அது வெண்கல மினுக்கமுள்ள பழுப்புப் பொட்டு, அவ்வளவே. அதன் அழகு நுண்ணோக்கிக்குக் கீழேதான். கல்லை 0.03 மில்லிமீட்டர் கனத்துக்குத் தேய்த்து, முனைவாக்கிய ஒளியில் வைத்து மேடையைச் சுழற்ற வேண்டும். இளஞ்சிவப்பு மெல்ல வெளிறிப் பச்சையாகும். இன்னும் சுழற்றினால் மீண்டும் சிவக்கும். பாடத்துக்காகப் பார்க்கத் தொடங்கி, பாடம் முடிந்தபின் பார்ப்பதற்காகவே பார்த்துக்கொண்டிருந்த மாலைகள் எனக்கு உண்டு.

இந்த முகம் எப்படி உண்டாயிற்று என்று நினைத்துப் பார்த்தால் அதன் மேல் இருக்கும் மரியாதை கூடுகிறது. சுமார் 250 கோடி ஆண்டுகளுக்கு முன், இருபது கிலோமீட்டருக்கும் கீழே, 700 டிகிரி செல்சியஸைத் தாண்டிய வெப்பத்தில் ஆன கல். இவற்றையெல்லாம் விட முக்கியம், அது ஏறத்தாழத் தண்ணீரே இல்லாத இடம் என்பது. தண்ணீர் இருந்திருந்தால் ஹைப்பர்ஸ்தீன் இருக்கும் இடத்தில் பயோடைட்டோ ஹார்ன்பிளெண்டோ உட்கார்ந்திருக்கும். இன்னொரு சாதாரண நைஸ் பாறைதான் நமக்குக் கிடைத்திருக்கும். வறண்டு பிறந்த கல் இது. அப்படிப் பிறந்ததுதான் இன்றைக்கு அருவிகளுக்குப் பேர்போன மலையாக நிற்கிறது. அதன் நிறத்தைத் தின்பதும் அதே தண்ணீர்தான். மழையும் காற்றும் பட்ட நாளிலிருந்து பச்சை மங்கத் தொடங்கும்; இரும்பு துருவேறும்; முகம் கருப்பட்டி நிறத்துக்கு வரும்; பிறகு வெளுக்கும். அதனால்தான் சார்னோகைட்டைப் பார்க்கப் போகிறவன் புதிதாக வெட்டிய இடத்தைத் தேடிப் போக வேண்டியிருக்கிறது.

ஆலத்தூர் நாட்டுப் பக்கம் வீடு கட்டுவதற்காக மண் வெட்டிய ஒரு சரிவை நெடுநேரம் நின்று பார்த்திருக்கிறேன். ஆள் உயரம்கூட இராது. அடியில் கெட்டியான கரும்பச்சைப் பாறை. அதன் மேல் விரற்கடைக் கனத்தில் பழுப்புத் தோல். அதற்கும் மேலே உருண்டைக் கற்கள், ஒவ்வொன்றும் அடுக்கடுக்காகத் தோலுரிந்தபடி. உருண்டைகளுக்கு நடுவில் மக்கிய பாறை. அந்த மக்கிய பாறைதான் என்னைப் பிடித்து நிறுத்தியது. ஃபெல்ஸ்பாரின் வடிவம் அப்படியே இருக்கிறது, நகத்தால் கீறினால் மாவாக உதிர்கிறது. குவார்ட்ஸ் மட்டும் ஒன்றும் ஆகாமல் மணலாகக் காத்திருக்கிறது. எல்லாவற்றுக்கும் மேலே செம்மண், அதில் மரவள்ளி. மலையின் உயர்ந்த மேடுகளில் இதே கதை இன்னும் ஒரு படி மேலே போயிருக்கிறது. சிலிக்காவை மழை கரைத்துக்கொண்டு போக, அலுமினியம் மட்டும் மிஞ்சிப் பாக்சைட்டாக உறைந்திருக்கிறது. கரும்பச்சையில் தொடங்கிச் செங்கல் நிறத்தில் முடியும் இந்த வரிசையை ஆள் உயரத்துக்குள் அடக்கிக் காட்டும் சரிவு எந்த அருங்காட்சியகத்திலும் இல்லை.

அந்தச் சரிவுக்குச் சற்றுத் தள்ளி வயல் வரப்புக்குக் கல் உடைத்துக்கொண்டிருந்த பெரியவர் ஒருவரை நினைக்காமல் இதை எழுத முடியாது. சம்மட்டியை ஓங்குவதற்கு முன் கல்லைச் சுற்றி வந்தார். சின்னச் சுத்தியால் இங்கும் அங்கும் தட்டினார், காது கொடுத்தார். “வெளியில பார்த்து ஒண்ணும் சொல்ல முடியாது தம்பி, உள்ள வேகாம இருக்கணும்” என்றார். கலங்காத பாறையைத்தான் வேகாத கல் என்றார் என்று புரிய எனக்குக் கொஞ்ச நேரம் ஆயிற்று. பிறகு ஒரே அடி. இரண்டாகப் பிளந்து விழுந்த கல்லின் முகத்தில் அந்தப் பச்சை, ஈரம் காயாத மாதிரி. அவர் அதைப் புறங்கையால் துடைத்துவிட்டு, “இது நல்ல கல்லு” என்று சொல்லி என் பக்கம் நகர்த்தினார். ஸ்தபதிகள் ஓசையை வைத்து ஆண்கல், பெண்கல் என்று பிரிப்பதும் இதே காதுப் பழக்கத்தில்தான். எண்ணைப் படித்துக் கல்லை அறிகிறவர்களிடம் இந்தக் காது இல்லை என்பது என் குறை.

என் ரசனையோடு ஒத்துப்போகாத நண்பர்கள் நிறைய. மேக்னடைட் குவார்ட்சைட்தான் கொல்லிமலையின் அழகு என்பார் ஒருவர். கறுப்பும் வெள்ளையும் மாறிமாறி ஓடும் அதன் பட்டைகளைக் கையில் வைத்துக்கொண்டு, காந்தத்தை ஒட்டிக் காட்டி, கண் விரிப்பார். அழகுதான், மறுக்கவில்லை. கஞ்சமலை, கோதுமலை, தீர்த்தமலை, தலைமலை என்று சேலம் வட்டாரத்து இரும்புப் பாறைகளுக்குப் பெரிய வரலாறும் உண்டு. ஆனால் அந்தப் பட்டை முதல் பார்வையிலேயே தன்னை முழுக்கக் கொடுத்துவிடுகிறது. இரண்டாம் தடவை போனால் புதிதாக ஒன்றும் இல்லை. இன்னொருவர் காங்கேயம், கரூர்க்காரர். சந்திரகாந்தக் கல்லைத் தவிர எதுவும் கண்ணில் படாது. பட்டை தீட்டின பிறகுதானே அது பேசுகிறது? சார்னோகைட்டுக்குத் தீட்டல் வேண்டாம், உடைந்தால் போதும். சித்தம்பூண்டியின் அனார்த்தோசைட்டைச் சொல்கிறவர்களோடு மட்டும் நான் வாதாடுவதில்லை. இதே நாமக்கல் மாவட்டத்துச் சித்தம்பூண்டி, குன்னமலைக் கற்களை அரைத்துத்தான் நிலவின் மண்ணைப் போலச் செய்து சந்திரயான்-2 ஊர்தியைச் சோதித்துப் பார்த்தார்கள். நிலவின் மேட்டுநிலம் எந்தப் பாறையோ அதே வகைப் பாறை நம் மாவட்டத்தில் கிடக்கிறது என்பது பெருமைதான். அந்த வெள்ளைக்கு முன் பேச்சு நின்றுபோகும்.

படித்தவர்களின் ரசனையோடுதான் எனக்கு உண்மையான சண்டை. அவர்கள் கர்நாடகத்துக் கப்பல் துர்கத்துக்குப் போகச் சொல்வார்கள். சாம்பல் நைஸுக்குள் சார்னோகைட் திட்டுத்திட்டாகக் கறுத்து முளைப்பதை அங்கே கண்ணால் பார்க்கலாம். நிலவியலாளர் பிச்சமுத்து 1960-இல் அதை எழுதிய பிறகு உலகம் முழுக்க அந்தக் குவாரிக்கு யாத்திரை போனது. மாக்மாவிலிருந்து உறைந்ததா, உருமாறி வந்ததா என்ற பழைய வழக்கில் அது பெரிய சாட்சி. வழக்கு ஒருபுறம் இருக்கட்டும். அழகென்று பார்த்தால் அங்கே சார்னோகைட் அரைகுறை. கொல்லிமலையில் அது முழுசாக நிற்கிறது, மலைமலையாக.

பல்லாவரம், பரங்கிமலை என்பவர்களுக்கு வரலாற்றுப் பலம் உண்டு. கல்கத்தாவில் செயின்ட் ஜான் தேவாலய வளாகத்தில் ஜாப் சார்னாக்கின் கல்லறையை மூடியிருக்கும் பலகை சென்னைப் பக்கத்துக் கல். 1893-இல் நிலவியலாளர் தாமஸ் ஹாலண்ட் அதைப் பார்த்துத்தான் இந்தக் கல்லுக்கு அந்த மனிதரின் பெயரை வைத்தார். 1900-இல் நீலகிரி, சேர்வராயன், பழனி மலைகளையும் சேர்த்துப் பெரிய ஆய்வாக எழுதினார். அவருக்கும் முன்பே, 1864-இல், வில்லியம் கிங்கும் ராபர்ட் புரூஸ் ஃபுட்டும் சேலம், திருச்சிராப்பள்ளி மாவட்டங்களின் பாறைகளைப் பற்றி எழுதிவிட்டார்கள். பல்லாவரத்தில் கற்கோடரியைக் கண்டெடுத்த அதே ஃபுட்தான். பரங்கிமலைச் சார்னோகைட்டை இந்திய நிலவியல் ஆய்வுத் துறை தேசிய நிலவியல் நினைவுச் சின்னமாக அறிவித்திருப்பதும் நியாயமே. ஆனாலும் பெயர் வைத்த இடம் என்பதற்காகவே அழகும் அங்கேதான் என்று சொன்னால் எப்படி ஏற்பது? பல்லாவரத்தின் பழைய குவாரிகள் இன்று தண்ணீர் தேங்கிய குட்டைகள். சுற்றிலும் வீடுகள். புதிய முகம் பார்க்க வேண்டுமானால் கொல்லிக்குத்தான் வர வேண்டும்.

இந்தக் கல்லைத் தமிழ்நாடு முழுக்க தினமும் மிதிக்கிறோம் என்பது எத்தனை பேருக்கு உறைக்கிறது? கிரஷரிலிருந்து வரும் புளூ மெட்டல் ஜல்லியில் பெரும்பகுதி இது. அந்த நீலம் குவார்ட்ஸும் ஃபெல்ஸ்பாரும் கொடுத்த நீலம். லாரியில் கொட்டிய ஜல்லிக் குவியல் மழையில் நனைந்தால் ஐந்து நிமிடம் நின்று பாருங்கள். 250 கோடி ஆண்டு அங்கே முக்கால் அங்குலத் துண்டுகளாகக் கிடக்கும்.

மலையின் மீது எனக்கு வருத்தம் இல்லை, பார்வையின் மீதுதான். கொல்லியில் பாவையையும் தேனையும் பலாவையும் பாடிய நாட்டில், இன்றைய பார்வையாளர் மேடைகளில் எட்டிப் பார்ப்பதற்குப் பள்ளத்தாக்கு மட்டும்தான் மிஞ்சியிருக்கிறது. மேடையே எந்தப் பாறை மேல் நிற்கிறது என்று குனிந்து பார்க்க ஆள் இல்லை. நல்ல உருண்டைப் பாறையாகப் பார்த்து எனாமல் பெயிண்டில் விளம்பரம் எழுதுகிறார்கள். கருங்கல் தளம் போட்ட பழைய கோயில்களில் அதன் மேலேயே வெளியூர்ப் பளபள கிரானைட்டைப் பதிக்கிறார்கள். பழைய கல்லின் உளித்தடம் காலுக்குத் தெரிந்த சுகம் போயிற்று. மலை உச்சிகளில் மேட்டூர் அலுமினிய ஆலைக்காகப் பாக்சைட் வெட்டிய குழிகள் இன்னும் ஆறவில்லை. ஒரு கல் கோடிக்கணக்கான மழைக்காலங்களில் அடைந்த கடைசி நிலை அது. ஒரு தலைமுறைக்குள் லாரி ஏறிவிட்டது.

மாணவர்களைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். ஆய்வகத்தில் பொடியாக்கிக் கொடுத்தால் சிலிக்கா இவ்வளவு, இரும்பு இவ்வளவு என்று அட்டவணை வந்துவிடுகிறது. நல்லதுதான். ஆனால் பொடியாக்கும் முன் அந்தத் துண்டைக் கையில் வைத்துத் திருப்பிப் பார்த்தவர்கள் குறைந்துபோனார்கள். ஹாலண்ட் ஒரு கல்லறைப் பலகையைக் கண்டு நின்றதில் தொடங்கிய துறை இது.

மலைச்சாலைகளில் வெட்டிய பாறை முகங்களைத் தடுப்புச் சுவரும் சிமெண்ட் பூச்சும் மூடிக்கொண்டே வருவதுதான் எல்லாவற்றிலும் எனக்கு வலிக்கிறது. பாதுகாப்புக்கு வேண்டியதுதான். கலங்கிய பாறை மழையில் இறங்கினால் உயிர் போகும். அங்கே சுவர் எழுப்பத்தான் வேண்டும். கலங்காத கெட்டிப் பாறைக்கு எதற்குப் பூச்சு? காரவள்ளி சாலையில் ஒரே ஒரு வெட்டு, பழுப்புத் தோலும் பச்சை உள்ளும் சேர்ந்து தெரிகிற மாதிரி ஒன்று, பத்தடி நீளம் போதும், அதைப் பூசாமல் விட்டுவைக்க வேண்டும். திருவக்கரை, சாத்தனூர்க் கல்மரங்களுக்குக் கொடுத்த காவலில் நூறில் ஒரு பங்கு போதும். பத்து ஆண்டுக்கு ஒருமுறை ஓர் ஓரத்தில் சில்லுப் பெயர்த்து முகத்தைப் புதுப்பித்தால் நிறம் இருந்துகொண்டே இருக்கும்.

அதுவரைக்கும் போகிறவர்கள் சுத்தி எடுத்துப் போக வேண்டாம். சாலை வேலை நடந்த இடத்தில் கிடக்கும் ஒரு சில்லு போதும். நேர் வெயிலில் பார்க்காதீர்கள், பச்சை செத்துவிடும். நிழலுக்குக் கொண்டுபோய்த் தண்ணீர் ஊற்றி, பத்து மடங்கு லென்ஸைக் கண்ணோடு ஒட்டிப் பிடித்து, கல்லை அதன் பக்கம் கொண்டுவாருங்கள். முதலில் நீலத்தைத் தேடுங்கள். தெரியவில்லை என்றால் கல்லைத் திருப்புங்கள்.